அறைக்கு ஆயிரம்

யோசெப்பின் ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால், சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் அந்த வீட்டில் எத்தனை அறை என்று சொல்லிவிடுவாள். பன்னிரண்டு வருசமாக ஒஸ்லோவில் மற்றவர்களுடைய அறைகளைக் கூட்டித் துடைத்த கண் அது. எது குளியலறைக் கதவு, எது அலுமாரிக் கதவு, எதைச் சாத்தி வைத்திருக்கிறார்கள், ஏன் சாத்தி வைத்திருக்கிறார்கள் என்பது வரைக்கும் அவளுக்குப் பிடிபடும். அதனால்தான் 2003ஆம் ஆண்டு ஐப்பசியில் முனைத்துறை ஒன்றியம் அந்தப் பொல்லாத வேலையைக் கொண்டுவந்து அவள் தலையில் கட்டியது.

முனைத்துறை யாழ்ப்பாணத்துக் கரையோரம் ஒரு சின்னப் பங்கு. சண்டைக்காலத்தில் அந்தோனியார் கோயில் கூரையில் செல் விழுந்து, பங்குச் சுவாமி பத்து வருசமாகத் தகரக் கொட்டிலுக்குள் பூசை வைத்துக்கொண்டிருந்தார். சமாதானம் என்று பாதை திறந்ததும் ஒஸ்லோவில் இருந்த நாற்பத்தொரு முனைத்துறைக் குடும்பங்களுக்கும் கடிதம் வந்தது. கூரை போட வேண்டும். ஊரில் என்றால் இதற்கெல்லாம் கூட்டமே தேவையில்லை. கோயில் வரி வலைக்கு இவ்வளவு என்று இருக்கும். மூப்பர் கரைக்கு வந்து வலையை எண்ணுவார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எல்லாருக்கும் கேட்க வாசிப்பார், காசு தானாக வரும். ஒஸ்லோவில் எந்த வலையைப் போய் எண்ணுவது?

“தலைக்கு இவ்வளவு எண்டு எடுப்பம்” என்றார் ஒருவர். ஐந்து பிள்ளைக்காரர் இரண்டு பேர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்கள்.

“அப்ப உழைப்புக்குத் தக்கமாதிரி எடுப்பம். ஆர் எவ்வளவு உழைச்சவை, எவ்வளவு வரி கட்டினவை எண்டு வருசா வருசம் இந்த நாட்டிலை பேப்பரிலை வருகுதுதானே.”

பாதிப்பேர் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். எல்லாருடையதையும் எல்லாரும் ஏற்கெனவே தேடிப் பார்த்துவிட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்வது மட்டும் மரியாதையில்லை.

ஒன்றியத் தலைவர் மகேந்திரராசாதான் ஒரு வழி சொன்னார். “வீட்டை ஒருத்தரும் சட்டைப் பைக்குள்ளை ஒளிக்கேலாது. சோவறும் ஒண்டுக்கு ஆயிரம் குறோணர். இரண்டு உள்ளவன் இரண்டாயிரம், நாலு உள்ளவன் நாலாயிரம்.” சோவறும் என்றால் நோர்வேக்காரருக்குப் படுக்கையறை. ஸ்தூவ, அதாவது எல்லாரும் கூடியிருக்கிற விறாந்தை, கணக்கில் சேராது. எல்லாருக்கும் அது பிடித்தது. பிடித்த இரண்டாம் நிமிசமே சண்டை தொடங்கியது.

“என்ர மூண்டாவது அறை அறையில்லை. அதுக்குள்ளை கம்பியூட்டர் வைச்சிருக்கு.”

“ஷெல்லருக்குள்ளை கட்டினது? நிலத்துக்குக் கீழை இருக்கிறதெல்லாம் சாமான் அறைதானே?”

“ஓமோம், சாமான் அறைதான்! அந்தச் சாமான் மாசம் மூவாயிரம் வாடகை தருகுது!”

சிரிப்பு. அப்போதுதான் யோசெப்பின் எழும்பினாள். அவளுக்குக் கூட்டத்தில் கதைத்துப் பழக்கமில்லை. ஆனால் தப்பிக்க நினைக்கிறவர்களைக் கண்டால் சும்மா இருக்க வராது. “உந்த வியாக்கியானமெல்லாம் வேண்டாம். மேலையோ கீழையோ, கதவு இருக்கோ இல்லையோ, ஒராள் படுத்தெழும்புற இடமெல்லாம் அறை. அவ்வளவுதான்.”

“சபாஷ்!” என்றார் மகேந்திரராசா. “அப்ப நீயே மூப்பராப் போய் எண்ணிக்கொண்டு வா, பிள்ளை.”

வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் சற்குணம் பொறுமினான். அவளுடைய புருசன் அதிகம் கதைக்கிற ஆளில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் பெரிய பெரிய கிடாரம் கழுவுகிறவன்.

“எங்களுக்கு இரண்டு சோவறும். எங்கட பெடியன் அபிசன் விறாந்தையிலை சோபாவிலை படுக்கிறான். உன்ர சட்டப்படி இப்ப எங்களுக்கு மூண்டு. நுணலும் தன் வாயாலை கெடும் எண்டு சும்மாவே சொன்னவை.”

“அது நியாயந்தானே.”

“நியாயம்! விறாந்தைக்கு வரி கட்டப்போற ஒரே குடும்பம் நாங்கள்தான்.”

யோசெப்பினின் மனம் ஹொல்ம்லியா மேட்டில் நின்றது. உதயகுமாரி வீட்டு வாசலில்.

இந்த இடத்தில் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். யோசெப்பினும் உதயகுமாரியும் தொண்ணூற்றொன்றில் ஒரு கிழமை முன்பின்னாக ஒஸ்லோவுக்கு மணப்பெண்களாக வந்து இறங்கியவர்கள். ஹொல்ம்லியாவில் எதிரெதிர் புளொக். ஒருத்திக்குப் பேறு பார்க்க மற்றவள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரே கட்டடத்தில் துப்புரவு வேலை; விடிய ஐந்து மணி ரயிலில் ஒரே இருக்கை. குளிரில் கை விறைத்தால் ஒருத்தியின் கையுறைக்குள் மற்றவள் கையையும் நுழைத்துக்கொண்டு, மாமியாரிலிருந்து மாசச் சுகயீனம் வரைக்கும் கதைத்துத் தீர்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். யோசெப்பினுக்கு அம்மா, அக்கா, ஊர் எல்லாம் அந்த இருபது நிமிசந்தான்.

போன வருசம் பனி கரையும் காலத்தில் உதயகுமாரி குடும்பம் மேட்டில் றெக்கஹூஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஒரே வரிசையில் ஒட்டி நிற்கிற வீடுகள். மாடி, முன்னால் கைக்குட்டை அளவு புல், பின்னால் இரண்டு அப்பிள் மரம். துப்புரவு வேலையையும் விட்டுவிட்டு உதயகுமாரி பிள்ளைகள் பராமரிக்கிற இடத்தில் உதவியாளாகச் சேர்ந்தாள். ரயில் இல்லை. இரண்டு வீடு தள்ளியிருக்கிற சிவநாயகியின் காரில் போய் வந்தாள். சிவநாயகி முனைத்துறைக்காரியுமில்லை, வேதக்காரியுமில்லை, சைவக்காரி. நேற்று முளைத்த சிநேகம்.

அடுத்த வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்ததென்று அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டவளின் கதை யோசெப்பினுக்கும் தெரியும். மற்றவர்களுக்கு அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். என்ன செய்வது, தெரிந்துகொண்டே குத்திக்கொண்டாள். விடிய ரயிலில் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போதெல்லாம் வயிறு பற்றி எரிந்தது. அந்த வீட்டின் மேல் எரிச்சலா, அந்தக் காரின் மேல் எரிச்சலா, அந்தச் சிவநாயகியின் மேல் எரிச்சலா என்று கேட்டால் அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. உதயகுமாரி தன்னுடையவள், தன்னிடம் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

கார்த்திகை மாசம் முழுக்க வரி எண்ணும் திருப்பணி நடந்தது. வேலை முடிந்து, மழையும் பனியும் கலந்து கொட்டுகிற நேரத்தில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனாள். மனிதரின் கூத்தைப் பார்க்க அதைவிட நல்ல வழியில்லை. ஒரு வீட்டில் பிள்ளையின் கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாத்திவிட்டு “இது இஸ்திரி போடுற அறை” என்றார்கள். தலையணை மட்டும் அங்கேயே கிடந்தது. இன்னொரு வீட்டுக்காரர் அதற்கு நேர்மாறு. மூன்று அறையை ஐந்தென்று எழுது என்று நின்றார்.

“அண்ணை, இது உடுப்பு அலுமாரி.”

“உள்ளுக்கை மின்சார லைற் இருக்குப் பார். எழுது பிள்ளை. மகேந்திரராசாவுக்கு எத்தினை?”

“நாலு.”

“அப்ப அஞ்சு. வாசிக்கேக்கை வடிவாச் சத்தமா வாசி.”

கோயிலுக்குக் கூரை வரட்டும் என்று அதையும் எழுதிக்கொண்டாள். போன இடமெல்லாம் தேத்தண்ணி, றோல்ஸ், வடை. வயிறு நிறைந்தது, மற்றவர்களின் அறைகளை எண்ணி எண்ணி மனம் வெறிதாகிக்கொண்டு வந்தது. தன் மகன் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு படுப்பது ஒவ்வொரு வீட்டுக் கட்டிலிலும் தெரிந்தது.

உதயகுமாரி வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். உதயகுமாரியே ரெலிபோன் எடுத்தாள்.

“என்னடி, எல்லா வீட்டுக்கும் போறியாம், எங்கட வீட்டுக்குத்தான் வழி தெரியேல்லையோ?”

“வாறன். புதன்கிழமை பின்னேரம் இவரோடை காரிலை வாறன்.”

“சற்குணமண்ணை ஏன்? நீ தனிய வா.”

“ஏன்?”

“சும்மா. வா எண்டா வாவன்.”

யோசெப்பின் ரெலிபோனை வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தாள். ஏன் தனிய? இரண்டு கண் போதும், நாலு கண் வேண்டாம் என்றா? ஆயிரம் குறைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறாளா? சந்தேகம் என்ற சாமான் வந்து குந்திவிட்டால் பிறகு அதுதான் வீட்டுக்காரி.

புதன்கிழமை மேட்டில் ஏறும்போது நிலத்தில் தங்கின முதல் பனி. உதயகுமாரி கதவைத் திறந்ததும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவள் மெலிந்திருந்தாள். யோசெப்பின் அதைக் கண்டாள், கண்டதும் ‘வீட்டு வேலை கூட, மாடி ஏறி இறங்க வேணுமெல்லே’ என்று நினைத்தாள்.

“மேலை வா, காட்டுறன்” என்றாள் உதயகுமாரி.

மேலே மூன்று அறை. மூத்தவள் டிலக்சிக்கு ஒன்று, சின்னவனுக்கு ஒன்று, பெரிய அறை ஒன்று. பெரிய அறையில் கட்டில் ஒழுங்காக விரித்துக் கிடந்தது. ஜன்னலால் பார்த்தால் பள்ளத்தில் பழைய புளொக்குகளின் வெளிச்சம் தெரிந்தது. அதில் ஒன்று தன் வீடு என்று யோசெப்பின் நினைத்தாள். இவள் ஒவ்வொரு நாளும் இங்கே நின்று என் வீட்டை மேலேயிருந்து பார்க்கிறாள்.

“மூண்டு” என்று பென்சிலை எடுத்தாள். “கீழை?”

“கீழை சாமான் போட்டிருக்கு.”

சொன்ன குரல் சரியில்லை. சமையலறைக்கு இறங்கி வந்தபோது ஷெல்லருக்குப் போகிற படி தெரிந்தது. படியின் தலைப்பில் ஒரு சோடி ஆம்பிளைச் சப்பாத்து, ஒரு மின்கேத்தல் பெட்டி, சின்ன அரிசி வேகவைக்கிற பானை ஒன்று. அடியில் சாத்திய கதவு. யோசெப்பினின் பன்னிரண்டு வருசக் கண் கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சத்தைக் கண்டுவிட்டது.

“இரு. தேத்தண்ணி போட்டிட்டன். கணவாய் றோல்ஸ் உனக்கெண்டுதான் சுட்டனான்” என்றாள் உதயகுமாரி. எதிரே உட்கார்ந்து கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். “யோசெப்பின்... உன்னட்டை ஒண்டு...”

“சாமான் அறைக்கு ஏனடி லைற்?”

உதயகுமாரி கோப்பையைத் திருப்புவதை நிறுத்தினாள்.

“இல்லை, கேக்கிறன். லைற் எரியுது. கேத்தல் புதிசா வாங்கியிருக்கு. சாமானுக்குத் தேத்தண்ணி விடாய்க்குமோ?”

“நீ என்ன எண்ணவே வந்தனி?”

“பின்னை? மூப்பரெல்லே நான். நாற்பது வீட்டிலை எண்ணிப்போட்டு உன்ர வீட்டிலை கண்ணை மூடிக்கொண்டு போகேலுமே? சனம் என்ன சொல்லும்?”

“சனம்” என்றாள் உதயகுமாரி.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. தட்டாமல், கூப்பிடாமல் சிவநாயகி உள்ளே வந்தாள். “உதயா, சின்னவனை நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன், நீ இரு” என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டி, இரண்டாம் தட்டு அலுமாரியைத் திறந்து, ஒரு கோப்பையை எடுத்துத் தானே தேத்தண்ணி வார்த்துக்கொண்டாள். அவளுக்குக் கோப்பை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. சீனி எங்கே என்றும் தெரிந்திருந்தது.

யோசெப்பின் கடித்த கணவாய் றோல்ஸைத் தட்டில் திரும்ப வைத்தாள். மூவாயிரத்துக்குப் பற்றுச்சீட்டைக் கிழித்து மேசையில் வைத்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு எழும்பினாள்.

“இருந்திட்டுப் போவன்” என்றாள் உதயகுமாரி.

“வேண்டாம். உனக்குத்தான் ஆள் இருக்கே.”

அடுத்தநாள் விடிய ஹொல்ம்லியா நிலையத்தில் ரயில் பிந்தியது. பக்கத்தில் தமிழ் முகம் ஒன்று காதில் வயரோடு நின்றது. இந்தியாவிலிருந்து கம்பியூட்டர் வேலைக்கு வந்த பெடியன். மகேஷ் என்று பெயர். சிவநாயகி வீட்டு ஷெல்லரில் வாடகைக்கு இருக்கிறான். குறொன்லாண்ட் கடையில் முருங்கைக்காய்க்கு இரண்டு பேரும் ஒன்றாக அடிபட்டபோது அறிமுகம்.

“வணக்கங்க அக்கா. இந்தக் குளிர்ல எப்படித்தான் தினமும் போறீங்களோ!”

“பழகிடும் தம்பி. உங்கடை வரிசையிலை எல்லாரும் கீழை ஆக்களை வைச்சிருக்கினம் போலை.”

“எல்லாரும்னு தெரியலக்கா. மூணாவது வீட்ல ஒருத்தர் இருக்காரு.”

யோசெப்பினின் காது நிமிர்ந்தது. மூன்றாவது வீடு உதயகுமாரி வீடு.

“ஆரெண்டு தெரியுமோ?”

“பாத்ததில்லக்கா. ஜன்னல் தரையோட தரையா இருக்குல்ல, நடந்து போறப்ப கையும் தட்டும் மட்டும்தான் தெரியும். தனியா சமைச்சு தனியா சாப்பிடுவாரு. யார்கிட்டயும் பேச மாட்டாரு போலிருக்கு.”

எங்கள் பக்கத்தில் பேசுவது என்றால் ஏசுவது. ஒருத்தரையும் ஏசாத குடியிருப்பாளன் கிடைக்கவும் ஒரு கொடுப்பினை வேணும் என்று யோசெப்பின் வயிற்றெரிச்சலோடு நினைத்துக்கொண்டாள். ரயில் வந்தது. காலி இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து பட்டியலை எடுத்து, யோகராசா – உதயகுமாரி என்ற பெயருக்கு நேரே இருந்த மூன்றை அடித்து நாலு என்று பேனையால் எழுதினாள். எழுதியதும் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. பொய் சொல்வானேன், நல்லாக இருந்தது அவளுக்கு.

சனிக்கிழமை பட்டியலைப் பார்த்த சற்குணம் கேட்டான். “உதயகுமாரிக்கு ஏன் வெட்டி எழுதியிருக்கு?”

“கீழை வாடகைக்கு விட்டிருக்கினம். எனக்கு ஒளிச்சவள்.”

“ஒருக்கா ரெலிபோன் எடுத்துக் கேட்டிட்டு எழுதன்.”

“கேட்டனான். சாமான் எண்டவள்.”

“அப்ப சாமானெண்டு விடன். ஆயிரம் குறோணரிலை கோயில் கூரை பறந்திடுமோ?”

“காசில்லையப்பா! எனக்குப் பொய் சொன்னவள். எனக்கு!”

சற்குணம் அவளை ஒரு தரம் பார்த்தான். “வாசியாதை. நான் சொல்லிப்போட்டன்” என்று விட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேத்தண்ணி. பெண்கள் முன்பக்கம், ஆண்கள் பின்பக்கம் என்று யாரும் சொல்லாமலே இருந்தார்கள். உதயகுமாரி இரண்டாம் வரிசையில், பிள்ளைகள் வெளியில் பனியில். பக்கத்தில் சிவநாயகி! இந்துப் பெண்ணுக்கு முனைத்துறைக் கூட்டத்தில் என்ன வேலை? உதயகுமாரிக்குத் துணையாக வந்தாளாம். அதுவரைக்கும் யோசெப்பினுக்கு வாசிப்பதா விடுவதா என்று உள்ளூர ஒரு இழுபறி இருந்தது. அந்தக் கதிரையைக் கண்டதோடு அது போயிற்று.

ஊரில் மூப்பர் வாசிக்கிற மாதிரியே குடும்பம், அறை, காசு என்று வாசித்தாள். அலுமாரிக்காரருக்கு ஐந்து என்றதும் கைதட்டல். தன்னுடையதை மூன்று என்று வாசித்தாள். சோபாவுக்கும் வரி என்று யாரோ பகிடி விட்டார்கள்.

“யோகராசா, உதயகுமாரி. நாலு. கட்டினது மூவாயிரம். பாக்கி ஆயிரம்.”

“எட!” என்றார் மகேந்திரராசா, பல்லெல்லாம் தெரிய. “யோகராசா, கீழை ஆளை ஏத்திப்போட்டாய், என்ன? வீட்டுச் சங்கத்துக்குத் தெரியுமோ? வாடகை எவ்வளவு எண்டு எங்களுக்கும் சொல்லன்!”

சனம் சிரித்தது. சிவநாயகி “அது பிழை...” என்று எழும்பப் போனாள். உதயகுமாரி அவள் கையைப் பிடித்து அமத்தினாள். யோசெப்பின் பட்டியலுக்கு மேலால் பார்த்தாள். அந்தப் பிடியை மட்டும் கண்டாள்.

பின்வரிசையில் கதவோரம் உதயகுமாரியின் புருசன் யோகராசா எழும்பினான். மெல்லிய மனுசன். ஐந்தாறு மாசமாகத் தாடி வளர்த்திருந்தான். சத்தம் போட்டுக் கதைத்து ஒருத்தரும் கேட்டதில்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

“அண்ணை, வாடகைக்கு ஒருத்தரும் இல்லை. கீழை நான்தான் படுக்கிறனான்.”

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது.

“போன வருசம் ஆடியிலையிருந்து. ஒராள் படுத்தெழும்புற இடமெல்லாம் அறை எண்டு சட்டம் போட்டது சரிதான். யோசெப்பினக்காவின்ரை கணக்குப் பிழையில்லை.” முன்னால் வந்து, ஆயிரம் குறோணர்த் தாளை மேசையில் வைத்தான். “பற்றுச்சீட்டு வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து போனான். பனிக்காற்று ஒரு தரம் உள்ளே வந்து கதவு சாத்திக்கொண்டது.

நாற்பது குடும்பமும் உதயகுமாரியைப் பார்த்தது. அவள் எழும்பி, பக்கத்து மேசையில் கிடந்த வெறும் கோப்பைகளைத் தட்டில் அடுக்கி, சமையலறைக்குள் எடுத்துக்கொண்டு போனாள். கோப்பையோடு கோப்பை முட்டுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

யோசெப்பின் எப்படிச் சமையலறைக்குள் வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. உதயகுமாரி தண்ணீரைத் திறந்துவிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். யோசெப்பின் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். மாதாவே, வந்தது வேறு.

“சிவநாயகிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே நீ.”

உதயகுமாரி திரும்பினாள். அழவில்லை. அழுது முடித்துக் கனகாலம் என்று முகத்தில் தெரிந்தது.

“அவளுக்கு நான் சொல்லேல்லை. ஒரு நாள் பின்கதவாலை வந்தவள், நான் நிலத்திலை இருந்து குழறி அழுதுகொண்டிருக்கக் கண்டிட்டாள். என்னெண்டு மறைக்கிறது?”

“என்ன நடந்ததடி? அவர் என்ன செய்தவர்?”

“அவர் ஒண்டும் செய்யேல்லை. இந்த வீடு வேண்டாம், கடன் கழுத்தை நெரிக்கும் எண்டு கையெடுத்துக் கும்பிட்டவர். மேலை மூண்டு அறை வேணுமெண்டு நான்தான் ஒற்றைக்காலிலை நிண்டனான். பிறகு ஆளுக்கு ஆள் கதைச்ச கதையள்... வாயாலை வந்ததைத் திரும்ப எடுக்கேலுமே. மூண்டு அறை வந்தது. மனுசன் கீழை போயிட்டார்.” ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். “இனிக் கேட்டு என்ன? எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிப்போட்டாய்.”

“சத்தியமா எனக்குத் தெரியாதடி. வாடகைக்கு எண்டுதான்...”

“எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாதெண்டு. உனக்குச் சொல்லத்தான் புதன்கிழமை தனிய வரச்சொன்னனான். ஆடியிலையிருந்து ஆருக்கும் சொல்லாமல் வைச்சிருந்து, உனக்கெண்டு றோல்ஸ் சுட்டு, எதிரை இருத்தி வாயைத் திறந்தனான். நீ அறை எண்ணிக்கொண்டிருந்தனி.”

தண்ணீரை நிற்பாட்டினாள். கையைத் துடைத்தாள். வாசலில் சிவநாயகி அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதயகுமாரி கைகளை நுழைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சற்குணம் காரைச் சூடாக்கி வைத்திருந்தான். பிள்ளைகள் பின்னால். யோசெப்பின் ஏறி, இருக்கைப் பட்டி போட்டு, மடியில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டாள். ஹொல்ம்லியாவுக்குத் திரும்புகிற சந்தி வரைக்கும், ஏசுவான் என்று காத்திருந்தாள். அவன் ஏசவில்லை.

“என்ன சொன்னவள்?” என்று மட்டும் கேட்டான்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது, செத்துப்போகலாம் போல இருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் அவளுடைய பாழாய்ப்போன மனம் ஒன்றைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டு அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லாமல் விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை.

“சிவநாயகிக்கு அவள் தானாச் சொல்லேல்லையாம்” என்றாள். குரல் பாதியில் உடைந்தது. “எனக்குத்தானாம் முதல் சொல்ல இருந்தவள்.”

பிறகு பிள்ளைகள் பார்க்கப் பார்க்க முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.